எண்ணி முடியும் வரை

மார்ச் 3

பொறுப்பாளர் அவர்களுக்கு,
சமூகப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம்,
பழைய வங்கிக் கட்டடம்.

கீழே கையொப்பமிட்டுள்ள நான், மாவட்டக் கட்டடப் பாதுகாப்புப் பிரிவின் முதுநிலை ஆய்வாளர். தங்கள் காப்பகத்துக்கான அனுமதி ஏன் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்பதைத் தெரிவிப்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

சென்ற வாரம் என் உதவியாளர் கட்டடத்தைப் பார்வையிட்டார். வங்கிக் காலத்து அபாய மணிக்குச் செல்லும் மின்கம்பி வெட்டப்பட்டிருப்பதைக் கண்டார். அது தானாக அறுந்ததன்று. குறடு கொண்டு வெட்டப்பட்டது. தீ விபத்தின்போது குழந்தைகளை வெளியேற்றும் ஒத்திகை ஒருமுறைகூட நடத்தப்படவில்லை. காரணம் கேட்டபோது, சமையல் செய்யும் அம்மாள், "அந்த மணிக்கு வாய்க்கொழுப்பு அதிகம் சார், அதான் அடக்கி வச்சிருக்கோம்" என்று பதிலளித்திருக்கிறார். உதவியாளர் அதை அறிக்கையில் அப்படியே பதிவு செய்திருக்கிறார். நான் நீக்கவில்லை.

எல்லா அறைகளிலும் கேட்கும் மணியும், குழந்தைகள் பிழையின்றிச் செய்யும் ஒத்திகையும் அனுமதிக்கு இன்றியமையாதவை. இம்மாதம் 25ஆம் தேதி அனுமதிக் குழு கூடுகிறது. அதற்குள் இவ்விரண்டும் சரிசெய்யப்படாவிட்டால், காப்பகத்தை மூடப் பரிந்துரைப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

தொலைபேசிக் கோபுரம் விழுந்ததிலிருந்து தங்கள் ஊருடன் பேச வழியில்லை. எனவே இதைப் பால் வண்டி ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுக்கலாம்.

முதுநிலை ஆய்வாளர்

பி.கு.: உன் கழுத்துவலி எப்படியிருக்கிறது என்று அண்ணி கேட்கிறாள்.


மார்ச் 6

அண்ணாவுக்கு,

"பொறுப்பாளர் அவர்களுக்கு" என்று இருந்ததால், யாரோ பெரிய மனுஷிக்கு வந்த கடிதம் என்று நினைத்துச் சமையலம்மாவிடம் நீட்டிவிட்டேன். வாசித்துப் பார்த்துவிட்டு, "உங்கண்ணன் உங்களைத் தாங்கள்னு எழுதியிருக்காரும்மா. சண்டை முத்திப்போச்சு" என்றார்.

இந்த ஊருக்குப் போகாதே என்றீர்கள். வந்தேன். அதற்காக எட்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, முதல் கடிதமே நோட்டீஸா? கழுத்துவலி அப்படியேதான் இருக்கிறது என்று அண்ணியிடம் சொல்லுங்கள். அது குழந்தைகளைத் தூக்கித் தூக்கி வந்தது. உங்களால் வந்தது தலைவலி.

கம்பியை வெட்டச் சொன்னது நான்தான். வெட்டியது எங்கள் தச்சர். ஏன் என்று சொல்கிறேன். இதையும் அறிக்கையில் அப்படியே பதிவு செய்யுங்கள்.

இங்கே வரும் முப்பத்தொரு குழந்தைகளும் எல்லைப் பக்கத்து ஊர்களில் குண்டு விழுந்து ஓடிவந்தவர்கள். தாய்மார்களில் அநேகம் பேர் மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறார்கள். காலையில் விட்டுவிட்டுப் போய், சாயங்காலம் கை வெந்து வருவார்கள். பணம் எண்ணிய கவுண்டருக்குப் பின்னால் இப்போது மூக்குத் துடைக்கிறோம். காசாளரின் கம்பிக் கூண்டு விளையாட்டுச் சாமான் அறை. கீழே இருக்கும் பெட்டக அறையில் பாய் போட்டு வைத்திருக்கிறேன்; ஊர்ச் சைரன் ஒலித்தால் எல்லோரும் அங்கே இறங்க வேண்டும்.

திறந்த முதல் வாரம், மின்பணியாளர் ஒருவர் அபாய மணியைச் சோதித்துப் பார்த்தார். அது மணி மாதிரி அடிக்கவில்லை, அண்ணா. ஊளையிட்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள் கூடம் காலி. அழுகை இல்லை, ஓட்டம் இல்லை, சத்தமே இல்லை. கவுண்டருக்கு அடியில், கதவுக்குப் பின்னால், சாக்குக்குள் என்று ஒவ்வொருவராக இழுத்து எடுத்தோம். ஒருத்தி மட்டும் கிடைக்கவில்லை.

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் பொத்தான். அப்பாவின் பெரிய சட்டையைத்தான் போட்டுக்கொள்வாள். அதில் கழுத்து வரை எல்லாப் பொத்தானும் போட்டிருக்க வேண்டும். மாலைவரை தேடினோம். கைகழுவும் தொட்டிக்குக் கீழே, பினாயில் பாட்டில்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நான் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றே எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன். குரல் வெளியே வந்துவிடக் கூடாதென்று தன் கையைத் தானே கடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மா வந்தபோது சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு நான்தாங்க சொல்லிக்கொடுத்தேன். நான் கூப்பிட்டாக்கூட."

"அப்புறம் எப்படி வெளிய வருவா?"

"நான் வந்து தொடணும்."

மறுநாள் காலை கம்பியை வெட்டினோம். மூடுவதென்றால் நீங்களே வந்து மூடுங்கள். உதவியாளரை அனுப்பாதீர்கள், பாவம், அவருக்குச் சமையலம்மாவைக் கண்டாலே நடுக்கம்.

உங்கள் தங்கை


மார்ச் 9

தங்கைக்கு,

உன் கடிதத்தை இருமுறை வாசித்தேன். நீ எழுதிய எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நீ எழுதாத ஒன்றை நான் எழுத வேண்டியிருக்கிறது.

தீப்பிடித்த வீடுகளைப் பார்வையிடுவது என் பணியின் ஒரு பகுதி. குழந்தைகள் இருந்த வீடு என்று தெரிந்தால், தீயணைப்பு வீரர்கள் வாசலில் தேடுவதில்லை. நேரே சென்று அலமாரியைத் திறப்பார்கள்; பிறகு கட்டிலுக்கு அடியில் கைவிட்டுத் துழாவுவார்கள். போரைப் பார்த்திராத குழந்தையும் நெருப்பைக் கண்டால் ஒளியத்தான் செய்கிறது. நான் உடனிருந்த ஒரு வீட்டில், அலமாரிக் கதவைத் திறந்த வீரர் அதை மெல்ல மீண்டும் சாத்திவிட்டு, தாயை வெளியே அழைத்துப் போகும்படி என்னிடம் சைகை காட்டினார். அந்தக் குழந்தையின்மேல் ஒரு தீக்காயமும் இல்லை. புகை மட்டுமே.

உன் கட்டடத்தின் பின்சுவரை ஒட்டி டீசல் ஜெனரேட்டர் நிற்கிறது. பத்தடி தள்ளி உன் சமையலம்மாவின் அடுப்பு. உன்னிடம் இருப்பவர்களோ கூப்பிட்டாலும் குரல் கொடுக்காத முப்பத்தொரு குழந்தைகள். விதியை எனக்காகப் பின்பற்ற வேண்டாம். அந்தத் தொட்டிக்குக் கீழே புகை நுழைய எவ்வளவு நேரமாகும் என்று யோசித்துப் பார்.

மணியைத் திரும்ப இணைத்துவிடு. முதலில் ஓசையைத் தணித்து வை. பழகப் பழகக் கூட்டு. நீளமான கயிறு ஒன்றில் ஆளுக்கொரு முடிச்சுப் போடு. மணி ஒலித்ததும் அவரவர் முடிச்சைப் பிடித்துக்கொண்டு பின்முற்றத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒருவர் எண்ண வேண்டும். எண்ணி முடியும் வரை எவரும் முடிச்சை விடக் கூடாது. எக்காரணம் கொண்டும் உள்ளே திரும்பக் கூடாது. இதில் மட்டும் தளர்வு காட்டாதே. வெளியே வந்த பிறகு செருப்பை எடுக்க உள்ளே ஓடிய குழந்தைகளை நான் அறிவேன்.

இதை வாசித்துக் காட்டியபோது, "சொந்தத் தங்கச்சிக்கு இப்படியா பயம் காட்டி எழுதுவாங்க?" என்று அண்ணி கேட்டாள். பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவது தவறில்லை என்றேன்.

அண்ணன்


மார்ச் 14

அண்ணாவுக்கு,

ஜெயித்துவிட்டீர்கள். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அந்த ஜெனரேட்டர் ஓடினாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. அடுப்பில் எது தீய்ந்தாலும் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். "வாசனைக்கே வந்துட்டீங்களா, தட்டையும் எடுத்துட்டு வாங்க" என்கிறார் சமையலம்மா.

தச்சர் கம்பியை இணைத்து, மணியைச் சுற்றிப் பழந்துணியைத் திணித்தார். தினம் ஒரு துணியை உருவுகிறோம். முதல் நாள் கொசு மாதிரி முனகியது. இன்று கடைசித் துணியையும் எடுத்தாயிற்று. ஒருவரும் ஒளியவில்லை!

கயிறு ஆணியில் தொங்குகிறது. இருப்பதிலேயே உயரமான பெண்தான் தலைவி. அவள் அதை எடுத்ததும் எல்லோரும் முடிச்சைப் பிடித்துக்கொள்வார்கள். முற்றத்தில் சமையலம்மாதான் எண்ணும் அதிகாரி. கரண்டியை நீட்டி நீட்டி எண்ணுவார். குழந்தைகளுக்கு இதிலேயே ரொம்பப் பிடித்தது அதுதான். தன்னை எண்ணும்போது ஒவ்வொருவனும் கம்பம் மாதிரி நிமிர்ந்து நிற்கிறான். நடுவில் யாராவது நகர்ந்தால், "இன்னும் எண்ணலை! இன்னும் எண்ணலை!" என்று மற்றவர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். பொத்தான் மூன்று நாள் வேடிக்கை பார்த்துவிட்டு, நேற்று தானாக வந்து கடைசி முடிச்சைப் பிடித்தாள். எண்ணி முடித்ததும் சிரித்தாள். அவளுக்கு முன்பல் இரண்டும் இல்லை என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நாலைந்து நாளாக மதிய வேளையில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. நான் திடுக்கிட்டு நிமிர்ந்தால், பொத்தான் வரைந்துகொண்டிருக்கும் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "அது தூரம்" என்கிறாள். இதுவரை தூரம்தான்.

இந்த மணியும் ஊர்ச் சைரனும் எனக்கு ஒரே மாதிரி ஊளையிடுவதாகத் தோன்றுகிறது. ஒன்றுக்கு வெளியே போக வேண்டும், இன்னொன்றுக்குக் கீழே இறங்க வேண்டும். அவசரத்தில் இவர்களுக்கு வித்தியாசம் தெரியுமா? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். யோசித்து எழுதுங்கள்.

தங்கை


மார்ச் 17

தங்கைக்கு,

ஒத்திகை பிழையின்றி நடப்பதறிந்து மகிழ்ச்சி. எண்ணும் அதிகாரிக்கு என் பாராட்டைத் தெரிவி.

நீ எழுப்பிய ஐயத்துக்குக் கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். வான்தாக்குதல் சைரன் ஏறி இறங்கி ஒலிப்பது. கட்டட மணி ஒரே சீராக ஒலிப்பது. இரண்டும் தெளிவாக வேறுபட்டவை. அந்த வேறுபாட்டைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடு; போதும். இதற்காக ஒத்திகையை நிறுத்த வேண்டாம்.

25ஆம் தேதி உன் கோப்பை முதலாவதாக வைக்கிறேன்.

அண்ணன்


மார்ச் 21

தங்கைக்கு,

பால் வண்டி நேற்று வரவில்லை. இன்றும் வரவில்லை. பால் நிலையத்துக்கு நேரில் சென்று விசாரித்தேன். ஓட்டுநர் பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டதாகச் சொன்னார்கள். உங்கள் ஊர் ரயில் நிலையப் பகுதியில் விமானத் தாக்குதல் என்று வானொலி சொல்கிறது. பகுதி என்றால் எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை. நான் வரைபடத்தை விரித்து அளந்தேன். பிறகு மடித்து வைத்துவிட்டேன்.

ஒன்றைத் தெரிவித்தே ஆக வேண்டும். என் 17ஆம் தேதிப் பதில் தவறானது.

அதை அனுப்பிய பிறகு மனம் ஒப்பவில்லை. இங்கே மாதாந்தரச் சைரன் சோதனை நடந்தபோது, எங்கள் அலுவலக மணியையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்தேன். அண்ணியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னேன். "எது சைரன், எது மணி?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுக்கும் எனக்கு ஓடி ஒளியணும்னுதான் தோணுது" என்றாள். என் உதவியாளரும் தவறாகச் சொன்னார். நானும் கண்ணை மூடிக் கேட்டேன். கையேட்டில் உள்ள வேறுபாடு உட்கார்ந்து கேட்பவனுக்கு உரியது.

ஒத்திகையை உடனே நிறுத்து. கம்பியை மீண்டும் வெட்டிவிடு. குழந்தைகளை முற்றத்துக்கு அனுப்பாதே.

இக்கடிதம் உன்னை எப்போது அடையும் என்று தெரியவில்லை. பால் நிலையத்தின் வாசலில் நின்றுகொண்டு எழுதுகிறேன். எந்த வண்டி வந்தாலும் கொடுத்துவிடுவேன். ஒரு வரி எழுது. நலம் என்று மட்டும் எழுதினால் போதும்.


மார்ச் 22

அண்ணாவுக்கு,

நலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள். உங்கள் 17ஆம் தேதிக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

19ஆம் தேதி மதியம், சாப்பாட்டுக்குக் கைகழுவும் நேரத்தில் ஊர்ச் சைரன் ஒலித்தது. நான் கீழே பெட்டக அறையில் பாயை உதறிக்கொண்டிருந்தேன். சமையலம்மா குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். நான் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன் என்று அவர் நினைத்திருக்கிறார். ஒரு காலடிச் சத்தமும் கேட்கவில்லையே என்று மேலே வந்து பார்த்தால் கூடம் காலி.

கவுண்டருக்கு அடியில் பார்த்தேன். கதவுகளுக்குப் பின்னால் பார்த்தேன். தொட்டிக்குக் கீழே கையை விட்டுத் துழாவினேன். நீங்கள் எழுதிய அந்த வீட்டு அலமாரிதான் கண்ணுக்குள் இருந்தது. அப்புறம்தான் ஆணியைப் பார்த்தேன். கயிறு இல்லை.

பின்கதவைத் திறந்தேன். முற்றத்தில், வெட்ட வெளியில், வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் யாரும் சொல்லாமல் அவர்களாகவே கயிற்றை எடுத்து, அவரவர் முடிச்சைப் பிடித்து, தள்ளுமுள்ளு இல்லாமல் வெளியே போயிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் எல்லா முகத்திலும் அப்படி ஒரு பெருமை. தலைக்குமேல் விமானச் சத்தம்.

"உள்ள வாங்க! எல்லாரும் உள்ள வாங்க!" என்று கத்தினேன்.

ஒருத்தரும் அசையவில்லை. உயரமான பெண், "இன்னும் எண்ணலையே டீச்சர்!" என்றாள்.

தச்சர் ஓடிவந்து இரண்டு பேரை இடுப்போடு சேர்த்துத் தூக்கினார். முடிச்சை விடவில்லை, அண்ணா. கயிறே கூட வந்தது. நான் ஒரு பையனின் விரலைப் பிரித்தால் அவன் மறுகையால் பிடிக்கிறான். விடக் கூடாது என்று நான்தானே சொல்லிக்கொடுத்தேன்? நான் சொல்லிக்கொடுத்தால் குழந்தைகளுக்கு நன்றாகப் படியும். எனக்கு அந்தப் பெயர் உண்டு.

அப்போது சமையலம்மா வரிசைக்கு முன்னால் போய் நின்றார். கையில் கரண்டிகூட இல்லை. விரலை நீட்டி, "ஒண்ணு! ரெண்டு! மூணு!" என்று ஆரம்பித்தார். விமானம் திரும்பி வருவது கேட்டது. அவர் ஒருவரையும் தாண்டவில்லை. நடுவில் ஓர் எண் தவறினால் இவர்கள் திருத்துவார்கள், மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நானும் தச்சரும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அந்த வரிசையின் இரண்டு பக்கமும் கையை விரித்துக்கொண்டு நின்றோம். கை எதைத் தடுக்கும்? "முப்பது! முப்பத்தொண்ணு! போங்கடா கண்ணுகளா, கீழ ஓடுங்க!" என்றார். கயிறு தரையில் விழுந்தது. ஓடினார்கள்.

கடைசிக் குழந்தை படியில் இறங்கும்போது ரயில் நிலையச் சரக்குக் கொட்டகையில் குண்டு விழுந்தது. அது நமக்கு இரண்டு தெரு தள்ளி. பிறகு மேலே வந்து பார்த்தேன். மாடி ஜன்னல் கண்ணாடி முழுவதும் முற்றத்தில் கிடந்தது. அவர்கள் நின்ற இடத்திலேயே. கதவைச் சாத்தக் கடைசியாக நின்ற சமையலம்மாவுக்கு முதுகில் ஒன்பது தையல். "உட்கார முடியலை, சாய முடியலை. இனிமே நிக்கிற உத்தியோகம்தான்" என்கிறார்.

சாயங்காலம் தாய்மார்கள் வந்தார்கள். குழந்தைகளே எல்லாவற்றையும் பெருமையாகச் சொல்லிவிட்டார்கள். "யாருங்க இதுங்களை வெளிய நிக்கச் சொன்னது?" என்று ஒருத்தி கேட்டாள். "நான்தான்" என்றேன். உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை; சொல்லி என்ன ஆகப்போகிறது?

பொத்தானின் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்: "உங்க மேல கோபமில்லைங்க. ஆனா எம்பொண்ணு இனிமே சொன்னபடி கேக்குற பொண்ணா இருக்க வேணாம்."

மறுநாளிலிருந்து ஒருவரும் வரவில்லை. சலவைக் கூடத்தில் விடுப்புக் கிடையாது. அதனால் குழந்தைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். இன்று மதியம் அந்தத் தெருவில் நடந்து பார்த்தேன். வரிசையாகப் பூட்டு. உள்ளே ஒவ்வொரு அறையிலும் மண்ணெண்ணெய் அடுப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு ஜன்னலில் சின்னக் கை ஒன்று தெரிந்தது. என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டது. ஒரு தெரு முழுக்கக் குழந்தைகள், அண்ணா, ஒரு சத்தம் இல்லை.

மூடச் சொல்லிப் பரிந்துரைத்துவிடுங்கள். காலிக் கட்டடத்துக்கு அனுமதி எதற்கு?

தங்கை


மார்ச் 25

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. நான் 21ஆம் தேதி எழுதியதையும் இத்துடன் அனுப்புகிறேன். அது உரிய நேரத்தில் வந்திருந்தாலும் பயனில்லை. இரண்டு நாள் பிந்தி எழுதப்பட்டது.

இன்று காலை குழு கூடியது. உன் கோப்பை முதலாவதாக வைத்தேன். மணியால் நேர்ந்ததைக் கூறினேன். இரண்டு ஓசையும் ஒன்றுபோலிருக்கிறது என்று பொறுப்பாளர் எழுத்து மூலம் எச்சரித்ததையும், நான் அதைத் தள்ளியதையும் பதிவு செய்யச் சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன சார் இது? உங்க மேல நீங்களே புகார் எழுதித் தர்றீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்றார். இல்லை, அலுவலகத்தில்தான் என்றேன்.

முடிவு இது. மணி அகற்றப்படும். தீயென்றால் ஓசை எதுவும் கூடாது. பெரியவர்கள் ஒவ்வொரு குழந்தையையும் தோளில் தொட்டு, கைபிடித்து வெளியே அழைத்து வர வேண்டும். அதற்குப் போதுமான ஆட்கள் எப்போதும் கூடத்தில் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் தெருமுனைக்கு மாற்றப்படும். இந்நிபந்தனைகளுடன் மூன்று மாதத் தற்காலிக அனுமதி. விசாரணை முடியும் வரை என்னை விடுப்பில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனவே எனக்கு நேரம் இருக்கிறது.

கட்டடம் காலி என்று எழுதியிருந்தாய். காலியாக இருப்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அந்தப் பூட்டுகளைப் பற்றித்தான் கவலை. உள்ளே அடுப்பு, வெளியே பூட்டு, ஒரே சாவி, அதுவும் ஊரின் மறுகோடியில், வெந்நீர்த் தொட்டிக்கு அருகில் நிற்கும் ஒருத்தியின் இடுப்பில். இவ்வளவு கால உத்தியோகத்தில் இதைவிட ஆபத்தான கட்டடத்தை நான் பார்வையிட்டதில்லை. இதை உண்டாக்கியது என் 17ஆம் தேதிக் கடிதத்தின் ஒரு பத்தி.

"நான்தான்" என்று நீ சொன்னதை நான் ஏற்கவில்லை. அது உண்மைக்குப் புறம்பானது. திருத்தப்பட வேண்டும்.

அண்ணியிடம் சொன்னேன். போகாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. "போன உடனே எதையாவது அளக்க ஆரம்பிச்சுடாதீங்க. முதல்ல அவ முகத்தைப் பாருங்க" என்றாள். பிறகு அடுக்களைக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. சைரன் ஒலித்தால் நான் எப்படி நடந்துகொள்வேன் என்று எனக்குத் தெரியாது. நான் அதைச் சோதனையின்போது மட்டுமே கேட்டிருக்கிறேன்.

இக்கடிதம் இன்று மாலை வண்டியில் வரும்; நாளை காலைப் பால் வண்டியில் ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் எனக்கு இடம் சொல்லியாயிற்று. இறங்கியதும் சலவைக் கூடத்தின் வாசலுக்குப் போவேன். முற்றத்தில் நிற்க வேண்டும், எண்ணி முடியும் வரை உள்ளே வரக் கூடாது என்று உத்தரவிட்டவன் நானே என்று ஒவ்வொரு தாயிடமும் சொல்வேன். அவர்கள் என்ன சொன்னாலும் நின்று கேட்பேன். குழந்தைகளைத் திரும்ப அனுப்புங்கள் என்று கேட்க மாட்டேன். அதை அவர்கள் முடிவு செய்யட்டும். ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டாவது சாவி ஒன்று மட்டும் கேட்பேன். முதல் நாள் தர மாட்டார்கள். மறுநாளும் போய்க் கேட்பேன். கொடுப்பவர்களின் சாவியை வாங்கிக்கொண்டு, காலையில் அவர்கள் வேலைக்குப் போகும் நேரத்திலிருந்து மாலையில் திரும்பி வரும் வரை, அந்தத் தெருவின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

அண்ணன்